ஓட்டை உடைசலின் அணி

ஸ்ரீமுஷ்ணம் என்றதும் கலை ஆர்வலர்களின் நினைவில் எழுவது பூவராக சுவாமி கோயிலும், அதன் நாயக்கர் கால மண்டபத் தூண்களில் முன்னங்கால் தூக்கிப் பாயும் கற்குதிரைகளுமே ஆகும். வைணவர்கள் இறைவன் தானே வெளிப்பட்ட தலங்களாகக் கொண்டாடும் எட்டனுள் ஒன்றான அக்கோயிலின் கலை, முழுமையைப் போற்றும் கலை. முகமோ கைகாலோ சிதைந்த கற்சிலை ‘பின்னம்’ எனப்பட்டு வழிபாட்டிலிருந்து விலக்கப்படுவது ஆகம மரபின் பொதுவிதி. நேற்றுச் சாற்றிய மாலையும் இன்று ‘நிர்மாலியம்’, அதாவது இறைவன் மேனியிலிருந்து களைந்த பொருள், ஆகி அகற்றப்படுகிறது. அதே ஊரைச் சுற்றியுள்ள கொல்லைகளிலும் வீட்டு முற்றங்களிலும், உடைந்ததிலிருந்தே தொடங்குகின்ற வேறொரு கைவினை, சிற்ப நூலும் ஆசிரியர் பெயரும் இல்லாமல் வழங்கி வருகிறது. கரிபிடித்த பானை, கிழிந்த சட்டை, நைந்த சேலை, உடைந்த வளையல், விரிசல் கண்ட குடம் ஆகியவற்றால் வீட்டின் வெளிப்புறத்தையும் விளைநிலத்தையும் அணிசெய்யும் அக்கைவினைக்கும் நுட்பங்கள் உண்டு. நல்லதும் அல்லாததும் உண்டு. ஆகவே அதை நோக்குவதற்கு ஒரு ரசனை நெறியும் வேண்டியிருக்கிறது.

இக்கைவினையை அடையும் பொருள்கள் இரண்டு முறை ஒதுக்கப்பட்டவை என்பதை முதலில் கருத வேண்டும். தமிழ் வீட்டில் உடைந்த கண்ணாடியையும் கீறல் விழுந்த பாத்திரத்தையும் உள்ளே வைத்திருப்பது ஆகாது என்ற எண்ணம் ஆழமாக ஊன்றியிருப்பதால், உடைந்த பொருள் உடனே புழக்கடைக்கு, அதாவது வீட்டின் பின்புறத்துக்கு, வந்து சேர்கிறது. அங்கிருந்து அதைக் கொண்டுபோக வருபவர் பழைய பொருள் வியாபாரி. இரும்பும் பித்தளையும் செய்தித்தாளும் எடைக்கு எடை காசாகின்றன. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த காலமும், பிளாஸ்டிக் சாமானுக்கு வெங்காயம் கொடுத்த காலமும் மக்கள் நினைவில் இன்னும் இருக்கின்றன. காயலான் கடை எனப்படும் பழைய சாமான் கடையின் தராசில் மதிப்புப் பெறாமல் எஞ்சுபவை மட்பாண்டச் சில்லு, பீங்கான் உடைசல், வளையல் துண்டு, கந்தல் துணி ஆகியனவே. வீடும் வேண்டாம் என்றது, சந்தையும் வேண்டாம் என்றது; இனி அப்பொருளுக்குப் பயன் உண்டு என்று சொல்லக்கூடியது கண் ஒன்றுதான். வேறெவருக்கும் தேவைப்படாத பொருளைக் கொண்டு தொடங்குவதால் இக்கலைக்கு மூலதனம் தேவைப்படுவதில்லை. அதனாலேயே இதில் செய்பவரின் தேர்வு வேறெந்தக் கலையைக் காட்டிலும் வெளிப்படையாகத் தெரிகிறது.

வாசற்படிக்கு உள்ளே அமங்கலமாகக் கருதப்படும் உடைசல், வாசற்படிக்கு வெளியே காவலாக மாறுவது தமிழ் வழக்கின் நுட்பங்களுள் ஒன்று. புது வீடு எழும்பும் இடத்தில் வைக்கோல் பொம்மையும், பயிர் செழித்த நிலத்தில் புள்ளி குத்திய பானையும் கண்ணேறு கழிப்பதற்காக, அதாவது பிறர் பார்வையால் தீங்கு நேராமல் இருப்பதற்காக, நிறுத்தப்படுகின்றன. அழகான ஒன்றின்மேல் விழும் பார்வையை அழகற்ற ஒன்று தன்பால் ஈர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே இவ்வழக்கின் அடிப்படை என்பதால், அங்கு நிற்கும் பொருள் புத்தம் புதியதாக இருந்தால் அதன் நோக்கமே கெட்டுவிடும். ஊர்ப்புற அய்யனார் கோயில்களில் நேர்த்திக்கடனாக வைக்கப்படும் சுடுமண் குதிரைகளின் நிலையும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. ஆண்டு பல கழிந்து காது முறிந்து கால் சாய்ந்த குதிரைகளை எவரும் செப்பனிடுவதும் இல்லை, அப்புறப்படுத்துவதும் இல்லை. புதிய குதிரைகள் அவற்றின் அருகிலேயே வந்து நிற்க, பழையவை மெல்ல மண்ணோடு மண்ணாகின்றன. கூரைக்கு அடியில் முழுமையும், வானத்துக்கு அடியில் சிதைவும் தத்தமக்கு உரிய இடத்தைப் பெற்றிருக்கும் இந்தப் பாகுபாட்டை மனத்தில் கொண்டால், வெளிப்புற அலங்காரத்தில் பழம்பொருள் ஏன் இவ்வளவு இயல்பாகப் பொருந்துகிறது என்பது விளங்கும்.

இக்கலையின் மிகப் பழைய, மிக நிறைவான படைப்பு சோளக்கொல்லைப் பொம்மை. ஒரு நட்டுக்கம்பு, அதன் குறுக்கே ஒரு கைக்கம்பு, அவற்றின்மேல் வைக்கோல் திணித்த பழைய சட்டை, உச்சியில் கவிழ்த்த பானை என்று நான்கு உறுப்புகளில் முடிந்துவிடும் அவ்வுருவத்தில் வீணான பாகம் என்று ஒன்றும் இல்லை. அதன் தலையை அருகில் சென்று நோக்கினால் இக்கைவினையின் முழு இலக்கணமும் அங்கே அடங்கியிருப்பதைக் காணலாம். விறகடுப்பில் பல காலம் ஏறியிறங்கிய சோற்றுப் பானையின் அடியில் கரி படிந்து, மண்ணின் நுண்துளைகளுக்குள் இறங்கி, கையால் துடைத்தால் போகாத கருமையாக இறுகியிருக்கும். பானையைக் கவிழ்க்கும்போது அந்த அடிப்பகுதியே மேலே வந்து நெற்றியும் உச்சந்தலையும் ஆகிறது. கழுத்துப் பக்கம் நெருப்புப் படாத செம்மண் நிறம் அப்படியே எஞ்சி நிற்கிறது. இந்தக் கருமையின்மேல் விரல் நுனியால் சுண்ணாம்பைத் தொட்டுப் புள்ளி வைக்கிறார்கள். கருப்பின்மேல் வெள்ளை என்பது தொலைவிலிருந்து மிகத் தெளிவாகத் தெரியும் நிறச்சேர்க்கை என்ற ஓவியவிதியை எவரும் கற்றுத்தராமலே இக்கை பின்பற்றுகிறது. அதற்கான கருப்பு வண்ணத்தையோ சமையலறை முன்கூட்டியே, செலவில்லாமல், பூசி அனுப்பியிருக்கிறது.

பொம்மையின் உடலமைப்பிலும் இதே சிக்கனம் தெரிகிறது. கைக்கம்பு மனிதக் கையின் நீளத்தைக் காட்டிலும் சற்றுக் கூடுதலாக இருந்தால் சட்டைக்கை முழுவதும் விரிந்து, மிகச்சிறு காற்றுக்கும் படபடக்கும். குறைவாக இருந்தால் துணி தொய்ந்து, பறவைக்கு அஞ்சத்தக்கதாகவும் பார்ப்பவருக்கு நோக்கத்தக்கதாகவும் இராது. வைக்கோலை நெஞ்சில் இறுக்கியும் வயிற்றில் தளர்த்தியும் திணிப்பவரின் பொம்மைக்கு ஒரு நிற்கும் தோரணை வந்துவிடுகிறது. ஒரே சீராகத் திணித்த பொம்மை மூட்டையாகவே நின்றுவிடுகிறது. முகத்தில் கண்ணும் மூக்கும் மீசையும் நுணுக்கமாக எழுதப்பட்ட பொம்மையைக் காட்டிலும், இரண்டு வட்டமும் சில புள்ளிகளும் மட்டும் உடைய பொம்மை வரப்பிலிருந்து பார்ப்பவருக்குக் கூடுதல் உயிர்ப்புடன் தோன்றுகிறது. தொலைவுப் பார்வைக்காகச் செய்யப்படும் உருவத்தில் நுணுக்கம் கரைந்துபோகும், அளவும் நிலையும் மட்டுமே எஞ்சும் என்பதை இக்கைவினைஞர் அறிந்திருக்கின்றனர். இவற்றையெல்லாம் விட முக்கியமானது, பானை பானையாகவும் சட்டை சட்டையாகவும் இனங்காணத்தக்கபடி இருக்கும்போதே இரண்டும் சேர்ந்து ஓர் ஆளாகத் தோன்றுவதுதான். பழைய உருவம் மறையாமலே புதிய உருவம் தோன்றும் இந்த இரட்டைக் காட்சியே கழிவுப்பொருள் அலங்காரத்தின் உயிர்நிலை.

வீட்டுக்கு உள்ளே வைக்கும் அலங்காரத்துக்கும் வெளியே நிறுத்தும் அலங்காரத்துக்கும் உள்ள வேறுபாடு காற்று, வெயில், மழை ஆகிய மூன்றினால் ஏற்படுவது. இவற்றைத் தாங்குவது மட்டுமே போதாது. இவற்றை வேலை வாங்கத் தெரிந்த படைப்பே சிறந்த படைப்பு. காற்றை வேலை வாங்கியதற்குத் தெளிவான சான்று ஒலிநாடா. திரைப்பாடல்கள் கேசட்டில் கேட்கப்பட்ட காலம் மறைந்தபின், வீடுதோறும் பெட்டி பெட்டியாகக் கிடந்த அந்நாடாவை உழவர்கள் உருவியெடுத்து, கதிர் முற்றும் பருவத்தில் கம்புகளுக்கிடையே இழுத்துக் கட்டினர். நாடாவை ஓரிரு முறுக்கு முறுக்கிக் கட்டினால் அதன் பளபளப்பான பக்கமும் மங்கிய பக்கமும் மாறி மாறி வெயிலில் மின்னுகின்றன. இழுப்பு சரியாக இருந்தால் காற்றில் அதிர்ந்து ரீங்காரமும் எழுகிறது. ஒளியும் ஒலியும் சேர்ந்து பறவைகளை விலக்குவது அதன் பயன். மஞ்சள் படிந்த வயலின்மேல் கருங்கோடுகள் ஓடி ஓடி மின்னுவது அதன் அழகு. தொய்வாகக் கட்டிய நாடா பயனையும் அழகையும் ஒருசேர இழப்பது கவனிக்கத்தக்கது. அறுவடைக்குப் பின் அறுந்த துண்டுகளை எஞ்சாமல் சேகரிப்பதும் இக்கைவினையின் ஒரு பகுதியே. மேயும் மாட்டின் வயிற்றுக்குள் போகும் நாடா விளைக்கும் கேட்டை எந்த அழகும் ஈடுசெய்வதில்லை.

காற்றுக்குக் கொடுக்கப்பட்ட மற்றொரு பொருள் பழைய சேலை. இப்பகுதியில் மல்லாட்டை எனப்படும் நிலக்கடலையும் மக்காச்சோளமும் விளையும் நிலங்களைக் காட்டுப்பன்றியிடமிருந்து காக்க, பல வண்ணச் சேலைகளை நுனியோடு நுனி முடிந்து வேலியாகக் கட்டுவது தமிழகத்தின் பல மாவட்டங்களில் காணப்படும் வழக்கம். அசையும் துணியும் அதில் ஒட்டிய மனித வாடையும் பன்றிக்கு ஆள் நடமாட்டத்தை உணர்த்தும் என்பது உழவர்களின் கருத்து. நிலமகளை மீட்ட பன்றி அவதாரத்தைக் கருவறையில் வணங்கும் ஊருக்கு, நிலத்தைக் கிளறும் பன்றியைச் சேலை கட்டித் தடுக்க வேண்டியிருப்பது முரண் அன்று. உழவனுக்குப் பக்தியும் பயிரும் தனித்தனிக் கணக்குகள். காட்சி என்ற முறையில் நோக்கினால், சிவப்பும் மஞ்சளும் பச்சையும் எவ்வித முன்திட்டமும் இல்லாமல் அடுத்தடுத்து வரும் அவ்வேலி, பல வீட்டுப் பெட்டிகளின் வண்ணங்களை ஒரே வரிசையில் நிறுத்தி, வரப்பின் வளைவுகளை உள்ளபடியே எடுத்துக்காட்டுகிறது. சேலையின் கனத்த கரையைக் கீழ்ப்புறமாக விட்டுக் கட்டினால் அதன் எடை துணியை விறைப்பாக நிறுத்துகிறது என்பது போன்ற சிறு கவனங்கள் அங்கும் செயல்படுகின்றன.

காற்றை நம்பும் கலை கட்டுமானத்தையும் அறிந்திருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வங்கக்கடல் புயல்கள் நேராகத் தாக்கும் மாவட்டங்களுள் ஸ்ரீமுஷ்ணம் அமைந்த கடலூரும் ஒன்று; 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரைகடந்த ‘தானே’ புயலில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. அத்தகைய நிலத்தில் ஆணியடித்தும் பசையிட்டும் நிறுத்திய பொருளைக் காட்டிலும், கயிற்றாலும் கம்பியாலும் கட்டிய பொருளே நிலைக்கும். கட்டு சற்று நெகிழ்ந்து கொடுக்கும், பசை விட்டுப்போகும். உலக அளவில் இதற்குப் புகழ்பெற்ற சான்று அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் உள்ள வாட்ஸ் கோபுரங்கள். இத்தாலியிலிருந்து குடியேறிய தொழிலாளியான சைமன் ரோடியா 1921 முதல் 1954 வரை தனியொருவராக எழுப்பிய அக்கோபுரங்களில் மிக உயர்ந்தது ஏறத்தாழ 30 மீட்டர். அவர் இரும்புக் கம்பிகளைப் பற்றவைக்கவில்லை. கம்பிவலையால் சுற்றிக் கட்டி, சாந்து பூசி, அதில் புட்டித் துண்டுகளையும் பீங்கான் சில்லுகளையும் சிப்பிகளையும் பதித்தார். 1959இல் பாதுகாப்பற்றவை எனக் கூறி அவற்றை இடிக்க நகர நிர்வாகம் முயன்றபோது நடத்தப்பட்ட சோதனையில், ஏறத்தாழ நாலரை டன் பக்கவிசையைக் கோபுரம் தாங்கி நின்றது. இழுத்த கருவியே விட்டுக்கொடுத்தது. கூரை வேய்பவரும் பந்தல் போடுபவரும் நாள்தோறும் நம்பும் கட்டுமுறையே அங்கும் வென்றது எனலாம்.

வெயிலின் சோதனை இன்னும் கடுமையானது. ஏனெனில் அது சிறிது சிறிதாக, ஆனால் ஒருநாளும் தவறாமல் நடக்கிறது. பிளாஸ்டிக்கின் வண்ணமும் வலிமையும் புறஊதாக் கதிரால் சிதைவதால், ஓரிரு கோடைகளுக்குள் அது வெளிறி, மேற்பரப்பில் மாவு பூத்து, தொட்டால் நொறுங்கும் நிலையை அடைகிறது. கண்ணாடிக்கும் மெருகிட்ட பீங்கானுக்கும் இக்குறை இல்லை. வளையலில் நிறம் மேற்பூச்சாக இல்லாமல் கண்ணாடியின் உடலிலேயே உலோகச் சேர்மங்களாகக் கலந்திருப்பதாலும், பீங்கானின் மெருகு உலைநெருப்பில் உருகி ஒட்டியதாலும், வெயில் அவற்றிலிருந்து எதையும் எடுத்துக்கொள்ள முடிவதில்லை. மாறாக, வெயில் படும்போதுதான் அவை முழு நிறத்தையும் காட்டுகின்றன. ஸ்ரீமுஷ்ணத்துக்கு அண்மையில் உள்ள விருத்தாசலம், பீங்கான் தொழிற்பேட்டையும் பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் நிறுவனமும் உடைய ஊர் என்பதால், பீங்கான் பொருள்களும் அவற்றின் உடைசல்களும் இவ்வட்டாரத்துக்கு அயலானவை அல்ல. வெயிலை வேலை வாங்க விரும்பும் முற்றத்துக்கு இதைவிடத் தகுந்த பொருளைத் தேட வேண்டியதில்லை.

சில்லுப் பதிப்பு, அதாவது உடைந்த துண்டுகளை ஈரச்சாந்தில் அழுத்திப் பரப்பை நிரப்பும் முறை, எளிதாகத் தோன்றினாலும் கைத்திறம் வேண்டுவது. ஒரு பங்கு சிமென்டுக்கு மூன்று பங்கு சலித்த மணல் என்ற அளவில் கெட்டியாகக் குழைத்த சாந்தை, ஒரே மூச்சில் பதித்து முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டும் துளசிமாடத்தின் பக்கத்திலோ தொட்டியின் வயிற்றிலோ பூச வேண்டும். மேற்பரப்பு இறுகத் தொடங்கிவிட்டால் துண்டு உள்ளே இறங்காமல் மேலே ஒட்டி நின்று பின்னர் உதிர்ந்துவிடும். வளையல் துண்டின் இரு முறிமுனைகளும் உள்ளே புதையுமாறும் அதன் வளைந்த முதுகு மட்டும் வெளியே தெரியுமாறும் அழுத்துவது இதில் தேர்ந்த கையின் அடையாளம். கைபட்டால் கீறாது என்பது அதன் ஒரு பயன். முழு வளையலின் வட்டத்தைக் கண் தானாகவே நிறைவுசெய்துகொள்ளும் என்பது மற்றொன்று. பல துண்டுகள் ஒரே திசையில் வளைந்து நின்றால் நீரலையும், எதிரெதிராக நின்றால் மீன்செதிளும் உருவாகின்றன. துண்டுகளுக்கிடையே சாந்து தெரியும் இடைவெளியும் வண்ணத்துக்கு இணையான பங்கு வகிக்கிறது. இடைவெளி சீராக இருந்தால் பரப்பு அமைதி பெறும், தாறுமாறாக இருந்தால் வண்ணங்கள் ஒன்றையொன்று கெடுக்கும். பதிந்தபின் ஈரச்சாக்கால் துடைத்து, ஒரு வாரம் தண்ணீர் தெளித்து ஆறவிடும் பொறுமை இல்லாதவருக்கு இவ்வேலை கைகூடுவதில்லை.

இம்முறையை ஒரு பெருங்கலையாக வளர்த்தெடுத்தவர் நேக் சந்த். இன்றைய பாகிஸ்தானில் அடங்கிய பகுதியில் 1924இல் பிறந்து, நாட்டுப் பிரிவினையின்போது இந்தியாவுக்குப் பெயர்ந்து, 1950களில் சண்டிகர் பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராகப் பணியாற்றிய அவர், அந்நகரம் எழும்புவதற்காக இடிக்கப்பட்ட ஊர்களின் உடைசல்களை மிதிவண்டியில் ஏற்றிச் சென்று, கட்டடம் எழுப்ப அனுமதி இல்லாத காட்டுப்பகுதியில் எவருக்கும் தெரியாமல் பல ஆண்டுகள் சேர்த்து உருக்கொடுத்தார். 1970களில் அது அதிகாரிகளின் பார்வைக்கு வந்தபோது, சட்டப்படி இடிக்க வேண்டியதை இடிக்காமல், 1976இல் பொதுமக்களுக்குத் திறந்து, அதை வளர்ப்பதற்கென்றே அவருக்கு ஊதியமும் உதவியாளர்களும் அளித்தது நிர்வாகம். 1984இல் பத்மஸ்ரீ பெற்று 2015இல் மறைந்த அவர் விட்டுச்சென்ற பாறைப் பூங்கா இன்று ஏறத்தாழ 40 ஏக்கரில் பரந்திருக்கிறது. நேர்க்கோடுகளும் எண்ணிட்ட பிரிவுகளுமாகப் பிரான்சு நாட்டுக் கட்டடக்கலைஞர் லெ கார்புசியர் வகுத்த நகரத்தின் ஓரத்திலேயே, அந்நகரம் கழித்துப்போட்ட பொருள்களால் ஆன வளைவும் நெளிவுமான மற்றொரு நகரம் எழுந்தது என்பதில் அதன் வரலாற்றுச் சுவை அடங்கியிருக்கிறது.

கலைச்சுவை வேறிடத்தில் இருக்கிறது. கம்பிச் சட்டகத்தின்மேல் சாந்து அப்பி, வளையல் துண்டுகளால் ஆடை உடுத்திய பெண் உருவங்களையும், பீங்கான் சில்லுகளால் மேனி போர்த்த விலங்குகளையும் நேக் சந்த் தனித்தனியே நிறுத்தவில்லை. ஏறக்குறைய ஒரே தோற்றமுடைய பல உருவங்களை வரிசை வரிசையாக நிறுத்தினார். ஓர் உருவத்தை மட்டும் கண்டால் முரட்டு வேலை என்று தோன்றக்கூடும். வரிசையாகக் காணும்போது ஒன்றின் தலைச்சாய்வு மற்றொன்றிலிருந்து நூலிழை வேறுபடுவதும், ஒரே வளையல் குவியலிலிருந்து எத்தனை ஆடைகள் பிறந்தன என்பதும் தெரியவரும். உடைசல் இயல்பாகவே சிதறலாகத் தோன்றுவதால், அதை வரிசையாலும் திரும்பத் திரும்ப வரும் உருவத்தாலும் ஒழுங்குபடுத்துவதே படைப்பாளியின் தலையாய கடமை என்பதை அவர் உணர்ந்திருந்தார். தமிழகத்திலிருந்து எளிதில் சென்று காணக்கூடிய அவருடைய மற்றொரு படைப்பு, பாலக்காட்டுக்கு அருகே மலம்புழை அணைப் பகுதியில் அமைந்த பாறைப் பூங்கா. மழையும் பாசியும் மிகுந்த அவ்விடத்தில், சாந்து கறுத்துப் பாசி படரும்போதும் ஓட்டுச் சில்லும் வளையலும் தம் நிறத்தில் நிற்பதைக் கண்டால், வெளிப்புற அலங்காரத்துக்குப் பொருள் தேர்வது எவ்வளவு முன்யோசனை வேண்டும் வேலை என்பது விளங்கும்.

மழையே மூன்றாவது தேர்வாளர். முற்றத்தில் செடி வைப்பதற்குக் கழிவுப்பொருளைப் பயன்படுத்துவது தமிழகம் எங்கும் பரவிய வழக்கம். எண்ணெய் டின், பெயின்ட் வாளி, ஓட்டைப் பானை, தேங்காய்ச் சிரட்டை என எல்லாமே தொட்டியாகின்றன. இவற்றுள் விரிசல் விட்ட பிளாஸ்டிக் குடத்தின் மாற்றம் ரசிக்கத்தக்கது. எடைக்குப் போட்டால் கிடைக்கும் காசு சொற்பம் என்பதால் வீட்டிலேயே தங்கிவிடும் அக்குடத்தைத் தோள்பட்டைக்குக் கீழே குறுக்காக அறுத்தால், இடுப்பில் அமர்வதற்கென்றே வார்க்கப்பட்ட அதன் வயிற்று வளைவு அகன்ற தொட்டியாகிறது; அறுத்தெடுத்த கழுத்துப் பகுதியைக் கவிழ்த்து, விளிம்பில் துளையிட்டுத் தொங்கவிட்டால், குடத்தின் வாய் வழியே கொடி கீழ்நோக்கி இறங்குகிறது. அறுப்பு நேராக இருப்பதா, பூ இதழாக நெளிவதா என்ற கேள்விக்கு, நேராக இருப்பதே மேல் என்று ரசனை விடைகூறும். குடத்தின் சொந்த வளைவே போதிய அணியாக இருக்கும்போது விளிம்பில் மற்றோர் அணி சேர்த்தால் இரண்டும் மோதும். வெயிலில் வெளிறும் குறையைச் செடியே தன் நிழலாலும் படர்ச்சியாலும் ஈடுகட்டிவிடுகிறது.

ஆனால் நீர் வெளியேற வழியில்லாத எந்தப் பாத்திரமும், அது எத்துணை எழிலுடன் இருந்தாலும், குறையுள்ள படைப்பே ஆகும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய தெளிந்த நீரில் முட்டையிட்டு, அம்முட்டை ஏழு முதல் பத்து நாள்களுக்குள் முழுக் கொசுவாக வளர்வதால், பருவமழைக் காலத்தில் டயரின் உட்குழிவும் அலங்காரக் கிண்ணமும் நோய்க்களமாகிவிடுகின்றன. அடியில் துளையிட்டு, துளையின்மேல் குழிந்த பானைச் சில்லைக் கவிழ்த்து, அதற்குமேல் மண் நிரப்பும் பழைய முறையில் நீர் வடிகிறது, மண் தங்குகிறது. உடைந்த பானை மற்றொரு பாத்திரத்துக்குள் கண்ணில் படாமல் இருந்தபடி உதவும் அழகும் அதில் இருக்கிறது. தகர டின்களைப் பொறுத்தவரை, மாசி மகத்துக்குப் பூவராகர் எழுந்தருளும் கிள்ளைக் கடற்கரைப் பக்கத்தில் உப்புக்காற்று அவற்றை விரைவில் அரித்துவிடும். உள்நாட்டு ஊர்களில் அவை சில ஆண்டுகள் கூடுதலாக நிற்கும். ஒரே பொருள் ஒரே மாவட்டத்துக்குள் இரு வேறு ஆயுள் பெறுவதால், கடலோரத்து முற்றத்துக்குச் சுடுமண்ணும், உட்பகுதி முற்றத்துக்குத் தகரமும் தகும் என்ற இடமறிந்த தேர்வு கைவினைஞருக்கு இன்றியமையாதது.

இவற்றிலிருந்து ரசனைக்கான சில அளவுகோல்களை வகுத்துக்கொள்ளலாம். கழிவுப்பொருள் அலங்காரம் என்ற பெயரில் இன்று தொலைக்காட்சியிலும் கைபேசித் திரையிலும் கற்பிக்கப்படுபவற்றுள் பல, பழைய புட்டியின்மேல் புதிய வண்ணமும் ஜிகினாத் தூளும் பிளாஸ்டிக் பூவும் ஒட்டி, அது புட்டி என்பதையே மறைக்க முயல்கின்றன. வீட்டில் கிடந்தது ஒரு பங்கும் கடையில் வாங்கியது மூன்று பங்கும் ஆகும்போது, குப்பை குறைவதற்கு மாறாகக் கூடுகிறது. ஒரு மழைக்காலத்தில் பூச்சு உரிந்தபின் எஞ்சுவது, பழைய பொருள் வியாபாரியும் ஏற்காத கலவைப்பொருள். டயரை அறுத்து மடக்கி அன்னமாக்கிப் பொன்வண்ணம் பூசும் வழக்கமும் இவ்வகையைச் சேர்ந்ததே. வட்டமாக இருக்கவே விரும்பும் பொருளை அதன் இயல்புக்கு மாறாக வளைப்பதால், அன்னத்தின் கழுத்தில் எப்போதும் ஒரு திமிறல் தெரிகிறது. அதே டயரைக் கிளையில் கட்டி ஊஞ்சலாக்கினால், வட்டம் வட்டமாகவே இருந்து குழந்தைக்கு இருக்கையாகவும் முற்றத்துக்கு அணியாகவும் அமைந்துவிடுகிறது. புதிதாக வாங்கியது குறைவாக இருத்தல், பழைய உருவம் தெரிதல், பொருளின் இயல்புக்கு இசைதல், காற்று வெயில் மழைக்கு ஏற்றிருத்தல் ஆகிய நான்கும் பொருந்திய படைப்பு எந்த எளிய முற்றத்தில் இருந்தாலும் நின்று நோக்கத்தக்கது.

இந்த அளவுகோல்களின்படி நோக்கினால் இக்கைவினையின் இன்றைய நிலை கவலைக்கும் நம்பிக்கைக்கும் ஒருங்கே இடம் தருகிறது. எரிவாயு அடுப்பும் எவர்சில்வர் பாத்திரமும் வந்தபின் கரிபிடித்த பானை அருகிவிட்டது. கொல்லைப் பொம்மைகளின் தலையாகப் பழைய ஹெல்மெட்டும் பிளாஸ்டிக் வாளியும் வரத் தொடங்கியுள்ளன. விழா முடிந்து கழற்றப்பட்ட ஃபிளெக்ஸ் பதாகைகள் வைக்கோற்போருக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் மேற்போர்வையாகி, வாழ்த்துக் கூறிய தலைவர்களின் முகங்கள் வைக்கோலைக் காத்து நிற்கின்றன; பழைய உருவமும் புதிய வேலையும் ஒருசேரத் தெரியும் இக்காட்சி, நகைச்சுவையுடன் கூடிய, இக்கலைக்கு முற்றிலும் உடன்பாடான வளர்ச்சியே. ஆனால் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்த பின்னரும், பலகாரப் பொட்டலமும் ஷாம்பு சாஷேவும் ஆகிய பல அடுக்கு உறைகள் முற்றங்களில் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. வீடும் சந்தையும் ஒருசேர ஒதுக்கும் இன்றைய பொருள் அதுவே. அதைத் தோரணமாகக் கோத்துத் தொங்கவிட்டால் ஒரு கோடை பளபளத்துவிட்டு மறு கோடையில் துகள்துகளாக உதிர்ந்து மண்ணில் கலக்கும்; போகித் தீயில் இட்டால் நச்சுப்புகையாகும். வெயிலுக்கும் மழைக்கும் ஈடுகொடுக்காத பொருளுக்கு வெளிப்புற அலங்காரத்தில் இடமில்லை என்று மறுத்து, அதைத் தரம்பிரித்துத் தூய்மைப் பணியாளரிடம் சேர்ப்பதும் ரசனையின்பாற்பட்ட செயலே ஆகும். எதையும் அலங்காரமாக்கிவிடலாம் என்று எண்ணுபவரைக் காட்டிலும், எதை அலங்காரமாக்கக் கூடாது என்று அறிந்தவரின் முற்றமே அழகுடன் விளங்குகிறது.